பண்ணைப் பவுடரும் மஞ்சள் மாத்திரையும்

மலர்விழிக்கு விடிந்ததும் முதல் வேலை கோழி எச்சத்தைப் பார்ப்பது. வாசல் தெளிப்பது, அடுப்புப் பற்றவைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில் அவர்களுடைய முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. ஆள் உயரத் தூண்களின் மேல் கூண்டுகள் வரிசையாக நிற்கும். எச்சம் நேராகக் கீழே விழும். அந்த வரிசைகளுக்கு நடுவே ரப்பர் செருப்போடு ஒரு நடை போய்வந்தால் எந்தப் பக்கம் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்த மாதிரி இருந்தால் நல்லது. காப்பி நிறத்தில் நுரைத்திருந்தாலும் பயமில்லை, இடையிடையே அப்படியும் போகும். பச்சையாக ஓடினால் கால்நடை டாக்டருக்குப் போன் போட வேண்டும். சிவப்புத் தெரிந்தால் போன் போடும்போதே மருந்து கலக்கத் தண்ணீர்த் தொட்டிக்கும் ஓட வேண்டும்.

அவள் பிறந்தது வாழப்பாடிப் பக்கம். அப்பா மரவள்ளிக் குச்சிக்கிழங்கு வைத்தவர். பிளஸ் டூ முடித்துக் கல்யாணமாகி இங்கே வந்தபோது கோழி என்றால் குழம்பு என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. கணவன் அன்பழகன் தீவனம், முட்டை லாரி, வியாபாரிகளோடு சண்டை ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டான். மருந்து விஷயத்தில் அவனுக்குப் பொறுமை கிடையாது. பாக்கெட்டில் இருப்பதைத் தொட்டியில் கொட்டிக் குச்சியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு வந்துவிடுவான். ஒரு கோடையில் அப்படிக் கொட்டி ஒரு வரிசைக் கோழி தலை தொங்கிப்போன பிறகு, மருந்து அறைச் சாவி மலர்விழியின் இடுப்புக்கு வந்தது. அவள் பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தாள். படித்ததைக் கால்நடை டாக்டரிடம் கேட்டாள். கேட்டதை மறக்கவில்லை. சில வருஷத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எச்சத்தைப் படம் பிடித்து அவளுடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டே அவள் அந்தப் படங்களைப் பார்த்துப் பதில் சொல்வாள். அன்பழகன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

இப்படிப்பட்டவள் தன் வயிற்றில் கோளாறு வந்தபோது ஏழெட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது குப்பாயி. ஷெட் கூட்டவும் முட்டை பொறுக்கவும் வரும் குப்பாயி மலர்விழியைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் சும்மா இருக்காது.

“அம்மணி, நீங்க பாத்ரூமுக்குப் போறதும் வாரதுமாவே இருக்கறீங்களே. என்னுங்க, வவுறு சரியில்லீங்களா?”

“சூடுக்கா. மோரு குடிச்சா சரியாப் போயிரும்.”

“சூட்டுக்கு ரத்தமாங்க போகும்? நாந்தான அங்க கழுவுனேன்.”

மலர்விழி முட்டை அட்டைகளை அடுக்கினாள். குப்பாயி அன்றைக்கே அன்பழகனிடம் சொல்லிவிட்டாள். அவன் மறுநாளே வண்டியை எடுத்தான்.

சேலத்தில் சூரமங்கலத்துக்கு உள்ளே ஒரு தனியார் மருத்துவமனை. ஜங்ஷனில் ரயில் கூவுவது டாக்டர் அறைக்குள் கேட்கும். டாக்டர் நர்மதா குடல் நோய்களுக்குப் படித்தவர். குழாய் விட்டுப் பார்த்தார். பெருங்குடலின் இடது பாதி உள்தோல் முழுக்கப் புண். சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுச் சொன்னார்:

“இது கிருமியால வந்த புண்ணு இல்லம்மா. உங்க உடம்பே உங்க குடலோட சண்டை போடுது. முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். மாத்திரையை ஒழுங்காப் போட்டா அடங்கி இருக்கும். மூட்டு வலியும் இருக்குங்கறீங்க, ரெண்டுக்கும் சேத்து ஒரே மாத்திரை தர்றேன். வெளிக்கு எத்தனை தடவை போறீங்க? எந்தக் கலர்ல போகுது?”

மலர்விழி தரையைப் பார்த்தாள். “ஏதோ போவுதுங்க.”

“ஏதோன்னா?”

“நீங்க குடுக்கறதக் குடுங்க, நான் போட்டுக்கறேன்.”

டாக்டர் வற்புறுத்தவில்லை. வேறு நோய்க்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை என்றாள். அன்றைக்கு அது உண்மை.

மாத்திரை நல்ல மஞ்சள். சல்பாசலசின் என்று பெயர். காலை, மதியம், இரவு என்று வேளை தவறாமல் போட வேண்டும். கூடவே இரத்தத்துக்கு ஒரு சின்ன மாத்திரை. சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒன்றரை மாதத்தில் இரத்தம் நின்றது. முழங்கால் வலியும் விட்டது. குப்பாயி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து, பிரசாதத்தைத் தூக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வருஷம் மலர்விழி நன்றாக இருந்தாள்.

அடுத்த ஆனியில் வாழப்பாடியில் தங்கை மகள் கல்யாணம். இரண்டு நாள் பந்திச் சாப்பாடு. திரும்பி வந்த இரவு வயிறு கலங்கியது. தண்ணீராகப் போனது, ஆனால் இரத்தம் இல்லை. காலையில் வழக்கம்போல ஷெட்டுக்குக் கீழே நடந்துவிட்டு மருந்து அறைக்குள் போனாள். கோழிக் கழிச்சலுக்கு அவர்கள் போடும் ஆன்டிபயாடிக் பவுடர் டப்பா அங்கே இருந்தது.

இதை ஆத்திரத்தில் செய்ததாகவோ அறியாமல் செய்ததாகவோ சொல்ல முடியாது. யோசித்துத்தான் செய்தாள். கழிச்சல் என்றால் கிருமி என்பது அவளுக்கு இருபது வருஷப் படிப்பு. டாக்டர் நர்மதா கிருமி இல்லை என்று சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள்தான். ஆனால் ஒருவர் ஒருநாள் சொன்னது ஒரு பக்கம், தினமும் கண்ணால் பார்ப்பது ஒரு பக்கம். இத்தனை ஆயிரம் கோழிக்குக் கேட்கிற மருந்து. கோழிக்கு எடைக்கு எவ்வளவு என்பது அவளுக்கு மனப்பாடம், தன் எடையும் தெரியும். கணக்குப் போட்டு, பயந்து அதில் பாதி எடுத்து, டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். கசப்பு மதியம் வரை நாக்கில் நின்றது. மூன்று நாள் குடித்தாள். வயிறு நின்றது.

பவுடர் குடிக்காவிட்டாலும் அது நின்றிருக்கும். கல்யாணச் சாப்பாட்டுக் கழிச்சல் மூன்று நாளில் தானே நிற்கக்கூடியது. ஆனால் நின்றது பவுடரால் என்றுதான் அவள் மனதில் பதிந்தது. அதன் பிறகு வயிறு கொஞ்சம் இளகினாலும் மருந்து அறைக்குப் போனாள். ஆடியில் ஒரு தடவை, ஆவணியில் இரண்டு தடவை. புரட்டாசியில் இரத்தம் திரும்ப வந்தது.

சூரமங்கலத்துக்குப் போனார்கள். டாக்டர் மஞ்சள் மாத்திரையைக் கூட்டினார். “வேற ஏதாவது சாப்பிடறீங்களா? நாட்டு மருந்து, வலி மாத்திரை, ஏதாவது?”

“இல்லீங்க.”

மருந்து என்றால் மருந்துக்கடையில் வாங்குவது. பண்ணைப் பவுடரை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். பண்ணைக்காரிகள் கோழித் தீனி தின்பவர்கள் என்று சேலத்து டாக்டர் நினைத்துவிடக் கூடாது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது.

கூட்டிய மாத்திரைக்கும் அடங்கவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தார்கள். குறைந்தது. அதைக் குறைக்கக் குறைக்க இரத்தம் திரும்ப வந்தது. அந்த மாத்திரையில் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது. ரேஷன் கடையில் பார்த்தவர்கள், “நல்லா சதை புடிச்சுட்டீங்க, பாக்கவே குளுகுளுன்னு இருக்குது” என்றார்கள். இடுப்பில் பாவாடை நாடா ஒரு சாண் மிஞ்சியது அவளுக்குத்தான் தெரியும்.

கார்த்திகையில் டாக்டர் நர்மதா நேராகவே பேசினார். இதற்கு மேல் ஊசி மருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் மலர்விழிக்குச் சின்ன வயதில் காசநோய் வந்து ஆறிய தழும்பு நெஞ்சுப் படத்தில் தெரிந்ததால், அந்த நோய் திரும்பக் கிளம்பிவிடலாம் என்று அதைப் போட அவர் தயங்கினார். மார்கழியில் வரும்போதும் இப்படியே இருந்தால் கோயமுத்தூருக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். அங்கே பெருங்குடலை எடுத்துவிடுவார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து பை பொருத்துவார்கள். சிலருக்குப் பிறகு உள்ளே இணைக்கலாம், சிலருக்குப் பை நிரந்தரம். டாக்டர் படம் காட்டினார். மலர்விழி அதைப் பார்த்தாள். அன்பழகன் ஜன்னலைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போது அவன்தான் ஆரம்பித்தான்.

“பையோட எத்தனையோ பேரு நல்லா இருக்கறாங்களாமா. வேலைக்கெல்லாம் போறாங்களாமா.”

“நீங்க கட்டிக்குவீங்களா?”

“எனக்கு என்ன வந்துது?”

“அதான் பேசறீங்க.”

“அப்பறம் என்னதான் பண்ணச் சொல்ற? ரத்தமாப் போயிட்டே இருந்தா ஆளு தாங்குமா? உசுரு முக்கியமில்லியா?”

“உசுரோட சேத்துக் கொடலும் இருந்தா ஆகாதா?”

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். கோவையில் படிக்கும் மகள் இலக்கியா போனில் அழுதாள். அழாதே, ஒன்றுமில்லை என்று மலர்விழி அவளைச் சத்தம் போட்டாள். பை பொருத்திக்கொண்டவர்கள் கூண்டுகளுக்குக் கீழே குனிந்து நடக்க முடியுமா என்று யாரைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்றம் வருமா என்பதும் அப்படித்தான். கோழிப்பண்ணையில் இருந்துகொண்டு நாற்றத்தைப் பற்றி யோசிக்கிறோமே என்று ஒருதரம் அவளுக்கே சிரிப்பு வந்தது.

மார்கழித் தேதிக்குள் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். மஞ்சள் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. காரம், பால் எல்லாம் நிறுத்தினாள். கூடவே பவுடரை அரைப் பங்கிலிருந்து முழுப் பங்காக ஏற்றினாள். விட்டு விட்டுக் குடித்ததைத் தொடர்ந்து குடித்தாள். இரத்தம் நிற்கவில்லை. கூடியது. கூடக்கூடப் பவுடரில் நம்பிக்கையும் கூடியது. இன்னும் கொஞ்ச நாள் குடித்தால் பிடிக்கும் என்று நினைத்தாள். ஒரு புதுமையும் கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் மலமே மாத்திரையின் நிறத்தில், ஆரஞ்சு கலந்த மஞ்சளாகப் போனது. முன்பு, மாத்திரை நன்றாகக் கேட்ட வருஷத்தில், அப்படி இல்லை. இதே நிறம் கூண்டுக்குக் கீழே தெரிந்திருந்தால் அன்றைக்கே நான்கு பேரைக் கேட்டிருப்பாள்.

இதில் இன்னொன்றும் உண்டு. கோழிக்கு ஆன்டிபயாடிக் போட்டு முடித்ததும் மூன்று நாள் நல்ல கிருமிப் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பண்ணையில் சட்டம். சட்டம் போட்டவளே மலர்விழிதான். கெட்ட கிருமியோடு குடலில் இருக்கிற நல்ல கிருமியும் செத்துப்போகும், அதைத் திருப்பி விடாவிட்டால் தீனி ஒட்டாது, முட்டை குறையும் என்று மருந்து கம்பெனி காளிதாஸுக்கே அவள் பாடம் எடுத்திருக்கிறாள். காளிதாஸ் மாதம் ஒருமுறை பைக்கில் வந்து மாதிரிப் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போகிறவர். “அக்கா, நீங்களே கம்பெனி ஆரம்பிச்சிருங்க, நான் உங்ககிட்ட வேலைக்கு வந்தர்றேன்” என்பார். இவ்வளவும் தெரிந்தவளுக்கு, தன் வயிற்றுக்குள்ளும் அப்படி ஒரு கூட்டம் குடியிருக்கும் என்பது ஒருநாளும் தோன்றவில்லை.

மார்கழியில் சூரமங்கலம் போனபோது அவளால் படி ஏற முடியவில்லை. அன்பழகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். கோயமுத்தூர் மருத்துவமனைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

அன்பழகனுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க டாக்டர், ஒரு சந்தேகம். முதல்ல இதே மாத்திரதான கேட்டுது? இப்ப அதே மாத்திர அளவு கூட்டியும் ஏங்க கேக்கல? கம்பெனி மாத்திப் பாக்கலாமுங்களா?”

டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனாலும் பதில் சொன்னார்.

“கம்பெனியில ஒண்ணும் இல்லைங்க. சிலருக்குப் போகப் போகக் கேக்காது. இந்த மாத்திரை ரெண்டு மருந்தைச் சேத்துப் போட்ட கட்டு. கட்டா இருக்கற வரைக்கும் புண்ணை ஆத்தாது. தனித்தனியாக் குடுத்தா மேலயே, சிறுகுடல்லயே ரத்தத்துல கலந்துடும், புண்ணு இருக்கற எடத்துக்கு வந்து சேராது. அதனாலதான் கட்டி அனுப்பறது. இரைப்பையில அவிழாது, சிறுகுடல்ல அவிழாது. பெருங்குடலுக்கு வந்தாத்தான் அவிழும்.”

“அங்க மட்டும் எப்படிங்க அவிழுது?”

“அங்க கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. நல்ல கிருமி. அதுங்கதான் கட்டை அவிழ்க்கும். நாம அனுப்பறோம், எறக்கிக் குடுக்கறது அதுங்க.”

“லோடு எறக்கற ஆளுக மாதிரி.”

“அப்படியே வச்சுக்குங்க.”

“ஆளு வல்லீன்னா லாரி லோடோட திரும்ப வேண்டியதுதான்” என்று அன்பழகன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனைவியைக் குடல் அறுப்புக்கு அனுப்பும் நேரத்திலும் லாரி உவமை பொருந்தியதில் அவனுக்குச் சின்னத் திருப்தி.

மலர்விழி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“டாக்டர், அந்த ஆளுக இல்லீன்னா என்னாகும்?”

“எந்த ஆளுங்க?”

“கிருமிங்க. நல்ல கிருமி. அது செத்துப்போயிருந்தா?”

“மாத்திரை அவிழாம அப்படியே வெளியில போயிடும்.”

“மஞ்சளாவா? ஆரஞ்சு கலந்தாப்பல?”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “உங்களுக்கு அப்படிப் போகுதா?”

கதவுக்கு வெளியே யாரோ டோக்கன் எண் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலர்விழி புருஷனைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நான் கோழி மருந்து குடிச்சிட்டு இருக்கறனுங்க.”

“என்னது?”

“ஆன்டிபயாடிக்குங்க. தண்ணியில கலக்கற பவுடரு. ஆனி மாசத்துலருந்து. முதல்ல எப்பவாச்சும். இப்ப விடாம.”

“கோழிக்குக் குடுக்கறதையா?” என்றான் அன்பழகன். “நம்ம கோழிக்கு?”

“பின்ன, பக்கத்துத் தோட்டத்துக் கோழிக்கா?”

“ஏம்புள்ள, உனக்கு என்ன கிறுக்கா? மருந்த எடுத்துட்டு நான் தொட்டிப்பக்கம் போனாலே என்னைத் திட்டுனவ நீ!”

“இருங்க, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க” என்றார் டாக்டர். கோபம் இருந்தது, குரலை உயர்த்தவில்லை. “என்ன மருந்து, பேர் தெரியுமா?”

மலர்விழி போனில் டப்பாவின் படத்தை எடுத்துக் காட்டினாள். பின்பக்கப் பொடி எழுத்தும் படத்தில் இருந்தது. டாக்டர் அதைப் பெரிதாக்கிப் படித்தார். இரண்டு மருந்துகள் கலந்த பவுடர். ஒன்று குடலுக்குள்ளேயே தங்கி அங்குள்ளதை எல்லாம் துடைப்பது.

“இது சிறுநீரகத்தை எடுத்திருக்கும்மா. காதை எடுத்திருக்கும். மனுஷங்களுக்கு இந்த வகை எப்பவாவது குடுக்கறதுன்னாலும் நாங்க பயந்து பயந்து குடுப்போம். நான் உங்ககிட்டக் கேட்டேனே, வேற மருந்து சாப்பிடறீங்களான்னு?”

“கேட்டீங்க. நான் இல்லீன்னேன்.”

“ஏன்?”

டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இப்போது நிறம், தடவை, சளி, இரத்தம் முன்னால் வருகிறதா கலந்து வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்ல ஆரம்பித்ததும் மலர்விழிக்கு வாய் வந்துவிட்டது. எச்சம் பார்த்துச் சொல்கிற பாஷையிலேயே சொன்னாள். அன்பழகன் எழுந்து வெளியே போய் நின்றான்.

பாதி எழுதிய கடிதத்தை டாக்டர் மேசை இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை.

“சரியாக் கேட்டுக்குங்கம்மா. உங்களுக்கு மாத்திரை கேக்காததுக்கு இது மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல. நோய் முத்தியும் இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதிகமானா அதனாலயே ஒரு கெட்ட கிருமி பெருகிக் கழிச்சல் வரும், அதுக்கும் சோதிக்கணும். சிறுநீரகமும் பாக்கணும். இங்கயே படுத்துக்குங்க. பவுடர் இன்னையோட சரி. மஞ்சள் மாத்திரை தொடரும். கிருமி திரும்ப வளர நாள் ஆகும். தை கடைசி வரைக்கும் பாக்கறேன். நடுவுல மோசமானா அன்னைக்கே கோயமுத்தூர். பேச்சே கிடையாது.”

“வளர்ந்துருமுங்களா?”

“பெரும்பாலும் வளரும். உங்க கோழிக்கு வளரலையா?”

ஒரு வாரம் படுத்திருந்தாள். கெட்ட கிருமிச் சோதனையில் ஒன்றும் இல்லை. சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருந்தது, கெட்டுப்போகவில்லை. ஸ்டீராய்டு ஊசியில் இரத்தம் குறைந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசியில் குறைவது கணக்கில்லை என்றும், அதைக் குறைத்துக்கொண்டே வரும்போது என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த மறுநாள் மலர்விழி டாக்டருக்குப் போன் செய்து, கோழிக்குக் கொடுக்கிற நல்ல கிருமிப் பவுடரைத் தானும் கொஞ்சம் குடித்தால் சீக்கிரம் வளருமா என்று கேட்டாள். “அம்மா, கோழிக்குன்னு வாங்கின எதையும் வாயில வைக்காதீங்க. முட்டையைத் தவிர” என்று டாக்டர் போனை வைத்தார்.

அன்பழகன் மருந்து அறைச் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். விஷயத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மலர்விழி கெஞ்சினாள். அவன் குப்பாயியிடம் மட்டும் சொன்னான். குப்பாயிக்குத் தெரிந்தால் போதும்.

“ஏனுங்க அம்மணி, கோழி மருந்தக் குடிச்சு முட்ட வெக்கலாமுன்னு பாத்தீங்களா?”

“போக்கா, பேசாத.”

“நான் பேசலீங்க சாமி. கூவாம இருந்தீங்களே, அதே பெருசு.”

மலர்விழி சிரித்தாள். சிரித்தால் வயிறு வலித்தது.

அந்த நாட்களில் கஷ்டம் என்னவென்றால், எதையும் செய்யாமல் இருக்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை ஒவ்வொரு படியாக இறங்கியது. பொங்கலுக்கு முன் ஒரு வாரம் இரத்தம் எட்டிப் பார்த்தது. சளியும் வந்தது. ஒரு மதியம் அன்பழகன் குளிக்கும் முன் சாவியை அவிழ்த்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டான். மலர்விழி அதை எடுத்துக்கொண்டு மருந்து அறை வரைக்கும் போனாள். டப்பா அதே இடத்தில் இருந்தது. இரண்டே நாள் குடித்தால் நின்றுவிடும் என்று உடம்பு சொன்னது. குடித்தால் கட்டு அவிழாது என்பது இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்தது ஜெயித்தது என்று சொல்ல முடியாது. இரண்டும் சமமாக இழுத்துக்கொண்டிருந்தபோது குப்பாயி தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

“என்னுங்க அம்மணி, இங்க நிக்கறீங்க?”

மலர்விழி சாவியை நீட்டினாள். “இத அவருகிட்டக் குடுத்துரு. எங்க வெச்சீங்கன்னு கேட்டுத் திட்டு.”

டாக்டருக்கும் போன் போட்டாள். இரத்தம் வருகிறது என்றாள். எவ்வளவு என்று அவர் கேட்டதற்கு எவ்வளவு என்று சொன்னாள். மாத்திரையை இறக்குவதை ஒரு வாரம் நிறுத்திவைக்கச் சொன்னார் டாக்டர். பொங்கலன்று இரத்தம் நின்றது. மலத்தின் நிறம் அதற்கு முன்பே பழையபடி ஆகியிருந்தது. அதை அவள் குப்பாயியிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் மட்டும் சொன்னாள்.

தை கடைசியில் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்தவளிடம் டாக்டர் நர்மதா திரையைத் திருப்பிக் காட்டினார். முன்பு பச்சை ரணமாக இருந்த இடம் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. கீழே ஒரு விரற்கடை மட்டும் இன்னும் சிவப்பு.

“ஆறிட்டு வருது. கோயமுத்தூர் இப்போதைக்கு வேண்டாம்.”

“இப்போதைக்குன்னா?” என்றாள் மலர்விழி.

“இப்போதைக்குன்னா இப்போதைக்குத்தான். ஆயுசுக்கும் மாத்திரை. வருஷா வருஷம் இந்தக் குழாய். எந்த ஆன்டிபயாடிக்கா இருந்தாலும், பல்லு டாக்டர் எழுதினாக்கூட, எனக்கு ஒரு போன்.”

இழுப்பறையிலிருந்து பாதிக் கடிதத்தை எடுத்து, பின்பக்கத்தில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார்.

அன்பழகன் கோயமுத்தூரில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு மாதத்துக்கு அறை சொல்லிவைத்திருந்தான். திரும்பும் வழியில் மல்லூர் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி அறைக்காரர்களுக்குப் போன் போட்டான். “வேண்டாமுங்க. ஆமாங்க. இல்லீங்க, நல்ல விஷயந்தானுங்க” என்றான். முன்பணம் திரும்ப வராது என்று அந்தப் பக்கம் சொன்னதற்கு, வழக்கமாகப் போடுகிற சண்டையைப் போடவில்லை.

ஆண்டகலூர் கேட் வந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அங்கே இருக்கும் பெட்ரோல் பங்கில் நிறுத்தாமல் அவர்கள் சேலம் போனதுமில்லை, வந்ததுமில்லை. பங்கின் கழிப்பறைச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று மலர்விழிக்குத் தெரியும். அன்பழகன் கேட்காமலேயே இண்டிகேட்டர் போட்டு உள்ளே திருப்பினான்.

“எதுக்கு நிறுத்தறீங்க? எனக்கு வேண்டியதில்ல.”

“உனக்கு வேண்டியதில்லீன்னா? எனக்கு வருது. காத்தாலருந்து அடக்கிட்டு ஒக்காந்திருக்கறேன்” என்று கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

மலர்விழி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாமக்கல் பக்கமிருந்து முட்டை லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மதிய மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. பையிலிருந்து எடுத்துப் போட்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அவனுக்காகக் காத்திருந்தாள்.